முல்லை இருந்த இடம்

2022 ஏப்ரலில் தோட்டத்துக்கு ஓர் ஆர்ச் வாங்கினேன். கறுப்புப் பூச்சு பூசிய இரும்புக் குழாய் வளைவு; குனியாமல் நுழைந்து போகலாம். அட்டைப் பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திருகாணி முடுக்கிப் பூட்டி, புல்தரை முடிந்து காய்கறிப் பாத்தி தொடங்கும் இடத்தில் நட்டேன். ரெடிங் நகரத்து ஓரத்தில் ஒரு வரிசை வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு தோட்டம் இருக்குமோ அவ்வளவுதான் எங்களுடையதும். நாலு எட்டில் நடந்து முடிக்கிற இடத்துக்கு நடுவில் ஒரு நுழைவாயில் எதற்கு என்று யாரும் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தது, முந்தைய ஜூனில் அதன்மேல் ரோஜா கொட்டிக் கிடந்தது, எனக்கும் வேண்டும்போல் இருந்தது.

நட்டு முடித்த கையோடு, இதன்மேல் எதை ஏற்றலாம் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது பதின்மூன்று வயதாக இருந்த மகள் பின்கதவில் சாய்ந்து நின்று, “அப்பா, செடிக்காக ஆர்ச் வாங்கினீங்களா, இல்ல ஆர்ச்சுக்காகச் செடி வாங்கப் போறீங்களா?” என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. நானும் சிரித்துவிட்டுத் தேடலைத் தொடர்ந்தேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து என் அம்மா வந்து, அந்த வளைவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை.

கொடி என்றால் நம்மில் பலருக்குப் பாரி நினைவுக்கு வருவான். என் மகள் படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் அந்தக் கதையைச் சொல்லித்தந்தார்கள். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரைக் கொடுத்துவிட்டுப் போன வள்ளல். வகுப்பில் ஒரு பையன், “ஒரு குச்சியை நட்டிருந்தால் போதாதா?” என்று கேட்டானாம். இந்தக் கதையைக் கேட்டு இதைக் கேட்காத பிள்ளை எந்த நாட்டிலும் இருக்காது என்று நினைக்கிறேன். பெரியவர்கள் கைவசம் இதற்குக் கொடைமடம் என்று ஒரு சொல் இருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் அந்தக் கணக்கில்தான் வருவான். கொடுக்கும்போது கணக்குப் பார்க்காத அறியாமை. அது குறை போலத் தோன்றும் பெருமை என்று விளக்கிவிட்டு மேலே போய்விடுவோம்.

பாரி இறந்த பிறகு அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் போய்ப் பாடிய பாட்டு புறநானூற்றில் 200ஆவதாக இருக்கிறது. அந்தக் கொடிக்குத் தன்னைப் புகழ்ந்து பாட நாவில்லை என்று தெரிந்தும் மணி ஒலிக்கும் தேரைக் கொடுத்தவன் என்றுதான் அவர் பாரியை அங்கே நினைவுகூர்கிறார். புலவருக்குக் கொடுத்தால் பாட்டு வரும்; கொடியிடமிருந்து ஒன்றும் வராது. கொடையை அளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காதுதான்.

ஆனால் அம்மா வந்து போன அந்தக் கோடைக்குப் பிறகு எனக்கு இந்தக் கதையில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பாரி முல்லையைப் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. பறம்புமலைக்கு அரசன்; அரண்மனையில் தோட்டக்காரர்களும் பந்தல்களும் இல்லாமலா இருந்திருக்கும்? வேரோடு அகழ்ந்து தேரில் ஏற்றி, நல்ல பந்தலாகப் பார்த்துப் படரவிட்டிருக்கலாம். தேரும் மிஞ்சும், கொடியும் பிழைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவன் முல்லை இருந்த இடத்தில் தேரை நிறுத்திவிட்டு நடந்து போனான்.

நான் முதலில் வாங்கி வைத்தது கிளெமாட்டிஸ். ‘ஜாக்மனி’ என்ற வகை. வோக்கிங்கில் ஜாக்மன் நாற்றங்காலில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது, கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலப் பூ. ஆர்ச்சின் இடக்காலில் அதையும் வலக்காலில் ஒரு கொடிரோஜாவையும் நட்டேன். ஜூன் நடுவில் ரோஜா எப்படியோ நின்றுகொண்டிருந்தது. கிளெமாட்டிஸ் தளதளவென்று வளர்ந்து, காலடியிலேயே சுருண்டு விழுந்து கிடந்தது. தூக்கிச் சாய்த்து வைத்தால் மறுநாள் காற்றில் சரிந்துவிடும். நோய் என்று நினைத்து மருந்து தேட ஆரம்பித்தேன்.

அம்மா குனிந்து பார்த்தார். இலைக்காம்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அது ஒரு காய்ந்த புல்தண்டைச் சுற்றி இறுக வளைத்திருந்தது. “இது காம்பால பிடிக்கிற சாதிய்யா. இம்புட்டுத் தடிக் கம்பிய அது எதக் கொண்டு பிடிக்கும்? பச்சப்புள்ள கையில ஒலக்கையக் குடுத்த மாதிரி இருக்கு.”

குழாயின் தடிமன் ஓர் அங்குலம். கிளெமாட்டிஸின் இலைக்காம்பு சுற்றிப் பிடிக்கக்கூடியது ஏறக்குறைய ஒரு பென்சில் தடிமன், அதற்கும் கீழே. ஆர்ச் உறுதியாக இருக்க வேண்டும் என்று நான் தேடித் தேடித் தடித்த குழாயாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அந்த உறுதி எனக்குத்தான் பயன்பட்டது, சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள. அம்மா என்னிடம் நூல்கண்டு வாங்கிவரச் சொன்னார். குழாய்களுக்கு இடையில் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் நூலை இழுத்துக் கட்டினார். ஒரே வாரத்தில் செடி நூலைப் பிடித்து ஏறத் தொடங்கிவிட்டது. முந்நூறு பவுண்டு ஆர்ச்சில் அதற்கு வேண்டியிருந்தது மூன்று பவுண்டு நூல். ஆனால் நூலைக் கட்ட ஆர்ச் வேண்டுமே என்று என் மனைவி எனக்காகப் பரிந்து பேசினாள். அதுவும் உண்மைதான்.

பற்றுதல் என்ற ஒரு சொல்லை நாம் எல்லாக் கொடிக்கும் போட்டுவிடுகிறோம். சார்லஸ் டார்வின் அதைப் பிரித்துப் பார்த்தார். கொடிகள் ஏறும் விதம் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1865இல் லின்னியன் கழகத்தின் இதழில் வந்து, 1875இல் புத்தகமானது. தண்டால் சுற்றி ஏறுபவை, காம்பால் பிடிப்பவை, பற்றுக்கம்பி விடுபவை, கொக்கி மாட்டுபவை, வேரால் ஒட்டுபவை என்று அவர் வகை பிரித்தார். அந்த ஆய்வில் ஒரு பகுதி அவர் நோயில் கிடந்தபோது நடந்தது. அறையை விட்டு வெளியே போக முடியாத நாட்களில் தொட்டியில் ஒரு ஹாப் செடியை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் அதன் நுனி காற்றில் வட்டமிடுவதைக் கணக்கெடுத்தார். வெப்பமான நாளில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம். பிடிக்க ஒன்றும் இல்லாதபோதும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்வையில்லாதவர் கைநீட்டித் துழாவுவதுபோல, எந்தப் பக்கம் எது இருக்கும் என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் ஒருமுறை நீட்டிப் பார்க்கிறது. இன்னொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலையில் இருந்த மனிதர் ஒருவர் இதைப் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்தக் கணக்கைவிட முக்கியமாகத் தோன்றுகிறது.

அம்மா பாத்தியில் ரன்னர் பீன்ஸ் போட்டிருந்தார். ஊர் அவரைபோல இருக்கிறது என்று அதன்மேல் ஒரு பிரியம். கொழுந்து மேலே எழும்பியதும் அதை ஆர்ச் நூலில் வலமாகச் சுற்றிவிட்டார். கோயிலில் சுற்றுகிற பழக்கம். காலையில் பார்த்தால் அவிழ்ந்து தொங்கியது. மறுபடி சுற்றினார், மறுபடி அவிழ்ந்தது. ரன்னர் பீன்ஸ் மேலிருந்து பார்த்தால் இடமாகத்தான் சுற்றும். எத்தனை முறை மாற்றிச் சுற்றிவிட்டாலும் தன் வழிக்கே திரும்பிக்கொள்ளும். வலமாகச் சுற்றும் கொடிகளும் இருக்கின்றன. இங்கே வேலியோரங்களில் மணக்கும் ஹனிசக்கிள் அப்படி. மூன்றாம் நாள் அம்மா, “அப்பிரதட்சணம்தான் வருவேன்னு அடம்பிடிக்குது, வந்துட்டுப் போகுது” என்று விட்டுவிட்டார். அந்த ஜூலை 19ஆம் தேதி இந்த நாட்டில் வரலாற்றில் முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டி வெயில் அடித்தது. தெருவே கதவடைத்துக் கிடக்க, அம்மா மட்டும் வெளியே உட்கார்ந்து பீன்ஸ் பறித்தார்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். வைகைத் தண்ணீரில் வெற்றிலை விளைகிற ஊர். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பா குத்தகைக்குக் கொடிக்கால் போட்டவர். கொடிக்கால் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே முதலில் விதைப்பது வெற்றிலையை அல்ல, அகத்தியை. பாத்தி பிடித்து நெருக்கமாக அகத்தி விதைத்து, அது ஒன்றரை மாதம் வளர்ந்து நிமிர்ந்த பிறகே அதன் காலடியில் வெற்றிலைக் கொடியின் துண்டுகளை நடுவார்கள். வெற்றிலைக்குக் கொம்பும் அதுதான், நிழலும் அதுதான். கொடி ஏற ஏற, ஒரு சாணுக்கு ஒருமுறை வாழைநாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வரவேண்டும். இறுக்கிக் கட்டினால் அப்பா கத்துவார். முடிச்சுக்குள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். வெற்றிலை கணுவில் வேர் விட்டுத் தானே ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டிக்கொள்கிற காலத்துக்குள் நார் இற்று உதிர்ந்துவிடும். கட்டியது யார் என்பதற்கு அடையாளமே இருக்காது.

ஓராண்டில் கொடி மூன்று மீட்டர் ஏறிவிடும். அதற்குமேல் இலை சிறுக்கும், தெம்பு குறையும். பங்குனி வாக்கில் கொடியை இறக்குவார்கள். அத்தனை பாடுபட்டு ஏறியதை அவிழ்த்துக் கீழே கொண்டுவந்து, சுருட்டி, காலடி மண்ணில் படிய வைப்பார்கள். வளைந்த கணுக்களிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பி மறுபடி அகத்தியைப் பிடித்து ஏறும். சிறுவனாக இருந்தபோது எனக்கு அந்த நாள் துக்கமாக இருக்கும். அப்பாவுக்கு அது ஆண்டின் நம்பிக்கையான நாள்.

அப்பா 2021இல் போய்விட்டார். எழுபத்திரண்டு வயதில் அம்மா ஊரில் தனியாக இருந்தார். அக்கா சென்னையில், நான் இங்கே. அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். 2012 ஜூலையில் மாற்றிய விதிப்படி, குளிக்க, உடுத்த, சமைக்கவே அவருக்கு நீண்டகாலப் பராமரிப்பு வேண்டும் என்றும், நான் பணம் அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு அவர் நாட்டில் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். அதாவது, கொடி முற்றிலும் விழுந்துவிட்டது என்று காட்டினால்தான் கொம்பைப் பற்றிப் பேசலாம். ஆகவே கோடையில் ஆறு மாத விசா, அவ்வளவுதான்.

அதனால் கோயம்புத்தூரில் முதியோருக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்றில் அம்மாவுக்கு ஓர் வீடு பார்த்தேன். மருத்துவர் இருந்தார், மூன்று வேளை உணவு உண்டு, குளியலறையில் கைப்பிடி, படுக்கை அருகே அழைப்பு மணி, நடைபாதை, கோயில், மலைக்காட்சி. முன்பணம் கட்டினேன். கட்டிய பிறகு அம்மாவிடம் சொன்னேன். என் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம், பயனரிடம் என்ன வேண்டும் என்று கேட்காமல் எதையும் கட்டாதே என்பது. இருபது ஆண்டுகளாக மற்றவர்களுக்கு அதை நான் பாடமாக எடுத்துவருகிறேன்.

அம்மா ஆர்ச்சுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் அதற்குப் பதில் சொன்னார். கோபமில்லை. “நல்ல எடந்தான்யா. ஆனா அங்க போயி நான் எதப் பிடிச்சுக்கிட்டு இருக்க?” என்றார். பிறகு தனக்கு வேண்டியதைச் சொன்னார். குளியலறையில் ஒரு கைப்பிடி. கொல்லைப் படிக்கட்டு இரண்டையும் இடித்துச் சரிவாக்குவது. இரவு துணைக்கு ஒரு ஆள். வாடகைக்கு ஆட்டோ வைத்திருக்கும் பக்கத்துத் தெருப் பையனுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துவைத்தால் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போய்வரலாம். கொடிக்காலில் பத்துப் பாத்தி மட்டும் குத்தகையை விடாமல் வைத்திருப்பது. பறிக்கிறவர்கள் பறித்துக்கொள்ளட்டும், காலையில் போய் நிற்க ஓர் இடம். எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் குடியிருப்பின் மாதக் கட்டணத்தில் பாதிகூட வராது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. நான் கொடுக்க நினைத்ததைவிடச் சிறியதைக் கேட்டுவிட்டாரே என்ற எரிச்சல். குடியிருப்பைப் பற்றி நண்பர்களிடம் சொல்லலாம். சரிவாக்கிய படிக்கட்டைப் பற்றி என்ன சொல்வது?

மகளின் கேள்வி அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அந்த வீட்டை நான் அம்மாவுக்காகப் பார்த்தேனா, அல்லது ரெடிங்கில் இரவு தூங்குவதற்காக எனக்கு ஒரு ஏற்பாடு வேண்டியிருந்ததால் அம்மாவை அதன்மேல் ஏற்றப் பார்த்தேனா? நான் அன்புடன்தான் செய்தேன். ஆர்ச்சையும் அன்புடன்தான் நட்டேன்.

இதோடு நிறுத்தினால், கொடி இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும், பாரியே சரி, என்று எளிதாக முடித்துவிடலாம். அப்படி முடிக்க விடாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று ரோஜா. கொடிரோஜா என்று பெயரே தவிர அது ஏறுவதில்லை. கம்பியில் முள்ளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும், கட்டிவிட வேண்டும். நேராக மேலே விட்டால் உச்சியில் மட்டும் நாலு பூ பூக்கும். நீண்ட கிளைகளைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால் கிளை நெடுகிலும் பக்கத் தளிர்கள் கிளம்பிப் பூக்கும். நுனிமொட்டு தன் கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனியைத் தாழ்த்தினால் அடக்கம் தளர்ந்துவிடுகிறது. கொடியை இறக்கி அப்பா கண்டதும் ஏறக்குறைய இதுவேதான். ரோஜா தானாக ஒருபோதும் அப்படி வளைந்திருக்காது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியை நம் வீடுகளில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம்! இந்த நாட்டில் தமிழ்ப் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு தகப்பனும் ரோஜாவைத் தனக்குச் சாட்சியாக அழைக்கலாம். சனிக்கிழமை காலையில் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன ஏழு ஆண்டுகளும் அவள் அதை வெறுத்தாள். இன்று அப்பத்தாவிடம் அவளால் பேச முடிகிறது. அம்மா இங்கே இருந்த ஆறு மாதமும் என்னைவிட அவளோடுதான் அதிகம் பேசினார். வளைத்தது தப்பா? தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளைத்ததால்தான் பூத்தது என்று சொல்லவும் வரவில்லை. இதை மகளிடம் சொன்னபோது, “நான் ரோஸ் இல்லப்பா, ரன்னர் பீன்ஸ்” என்றாள்.

செடியை வைத்து மனிதரைப் பேசும்போது வசதியான செடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள ஆபத்து. கண்டிக்கிற தகப்பனுக்கு ரோஜா, விட்டுவிடுகிற தகப்பனுக்கு பீன்ஸ். எது எந்தச் சாதி என்பதை அருகில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். கிளெமாட்டிஸை மூன்று வாரம் தினமும் பார்த்த எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

இரண்டாவது விஷயம் கடினமானது. கோயம்புத்தூர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அக்டோபரில் அம்மா ஊர் திரும்பினார். கைப்பிடி வைத்தாயிற்று, படிக்கட்டு வேலைக்குக் கொத்தனார் கிடைக்கவில்லை, பொங்கலுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார். 2023 ஜனவரியில் அந்தப் படிக்கட்டில்தான் அம்மா விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. பால்காரர் வந்து பார்க்கிறவரை, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், கொல்லையிலேயே கிடந்தார். அழைப்பு மணி இருந்த வீட்டை வேண்டாம் என்று சொன்னது அவர். சரி என்றது நான். அக்கா தொலைபேசியில், “அவங்க இஷ்டம் அவங்க இஷ்டம்னு சொல்லி நீ கழண்டுக்கிட்ட” என்றார். அந்தச் சொல்லை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. ஒருவரை அவர் இருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பது மரியாதையாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாரியின் கதையில் தேரை விட்டுப் போவது வரைதான் சொல்கிறார்கள். மறுநாள் அந்தக் கொடி என்ன ஆயிற்று என்று அவன் வந்து பார்த்தானா?

அலஸ்டேர் மெக்கின்டயர் 1999இல் ‘டிபெண்டென்ட் ரேஷனல் அனிமல்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். மேற்கத்திய அறவியல், நோயும் முதுமையும் இல்லாத, யாரையும் சாராத வளர்ந்த மனிதனையே மனத்தில் வைத்துப் பேசிவந்திருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் நாம் எல்லோரும் பிறரைச் சார்ந்திருப்பதை அது மறந்துவிட்டது என்பது அவருடைய குறை. அதே ஆண்டு ஈவா ஃபெடர் கிட்டே எழுதிய ‘லவ்ஸ் லேபர்’ இன்னும் ஒரு படி போகிறது. சார்ந்திருப்பவரைப் பற்றிப் பேசும்போது, அவரைத் தாங்குகிறவர் எதைச் சார்ந்திருக்கிறார் என்றும் கேட்க வேண்டும் என்கிறார் அவர். படித்தபோது எனக்கு அகத்தி நினைவுக்கு வந்தது.

கொடிக்காலில் அகத்தியை யாரும் பாடுவதில்லை. அது வளர வளரத் தலையை வெட்டி உயரத்தை நிறுத்துவார்கள். நிழல் அதிகமானால் தழையைக் கழித்து ஆட்டுக்குப் போடுவார்கள். கொடிக்கால் அழிக்கிற காலத்தில் அடுப்புக்குப் போகும். வெற்றிலை அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை, புல்லுருவியைப்போல உள்ளே வேர்விடுவதில்லை, சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் அகத்தியின் முழு வாழ்க்கையும் வெற்றிலையின் கணக்கிலேயே நடந்து முடிகிறது. பிள்ளையை ஊன்றுகோல் என்பது நம் வழக்கம். நான் ரெடிங்கில் உட்கார்ந்துகொண்டு அம்மாவைத் தாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இரவில் அந்த வீட்டில் படுத்து, அம்மா இருமினால் எழுந்து தண்ணீர் கொடுப்பது வேறொருவர் வீட்டுப் பெண். முறிவுக்குப் பிறகு ஏற்பாடு செய்தோம். தெருக்கோடி வீட்டுப் பிள்ளை. அப்போது பதினோராம் வகுப்பு. அவளுடைய அம்மா கொடிக்காலில் வெற்றிலை கவுளி அடுக்கப் போகிறவர். மாதம் நான் அனுப்பும் பணம் அந்த வீட்டுக்குப் பெரிய உதவி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரிய உதவி என்பதாலேயே அவர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. நான் அகத்தி அல்ல, அகத்திக்குக் கூலி கொடுப்பவன். என் மகள் வயதைவிட இரண்டு வயது மூத்தவள் அந்தப் பெண். என் மகள் ஓர் இரவாவது ஒரு முதியவரின் இருமலுக்கு எழுந்திருப்பாளா என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைத்துப் பார்த்துவிட்டு, மாதம் பிறந்ததும் பணம் அனுப்புகிறேன்.

பாரியின் மகளிரை விச்சிக்கோன் ஏற்கவில்லை, இருங்கோவேளும் ஏற்கவில்லை. கொடிக்குத் தேர் கொடுத்தவன் மக்கள் என்று அறிமுகப்படுத்தியும் அந்த இரண்டு பெண்களுக்கும் ஒரு கொழுகொம்பு கிடைக்கவில்லை. பெண்ணைக் கொடி என்றும் ஆணைக் கொம்பு என்றும் சொல்லும் அந்த உவமையை என் மகள் ஒப்புக்கொள்ள மாட்டாள், நானும் இப்போது சொல்லத் தயங்குவேன். ஆனாலும் கபிலர் ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்பதைப் படிக்கும்போது, தேரைப் பற்றிய பாட்டைவிட அந்த நடையைத்தான் கொடை என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை, கூடவே நடந்தார்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வெயில் எட்டிப்பார்த்தது. கிளெமாட்டிஸைத் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டுகிற காலம். வெட்டிவிட்டு ரோஜாப் பக்கம் திரும்பினால், போன ஆண்டு நான் கட்டிய பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி ஒரு கிளையில் சதைக்குள் புதைந்து கிடந்தது. கிளை பருத்துவிட்டது, கம்பி விட்டுக்கொடுக்கவில்லை. மேல்பாதி கறுத்துவிட்டிருந்தது. கைப்பேசியை அதன் பக்கம் பிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். அங்கே மாலை ஐந்தரை.

“நாரு கெடைக்காதாய்யா அந்த ஊர்ல?”

சணல் இருக்கிறது என்றேன்.

“சணலுன்னா சரி. ரெண்டு வருசத்துல அதுவா போயிரும். கறுத்ததுக்குக் கீழ பாரு, கணுவுல செவப்பா ஏதும் தெரியுதா?”

தெரிந்தது. ஊசி முனையளவு. அதற்கு மேலே வெட்டச் சொன்னார். மற்றக் கிளைகளில் கம்பிகளையெல்லாம் அவிழ்த்துவிட்டுச் சணலில் கட்டத் தொடங்கினேன். முடிச்சுக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினேன். போதும் என்றார். அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, ராத்திரி பதினொரு மணி வரை படிக்கிறாள், கூட உட்கார்ந்து காப்பி போட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். “அவ தூங்கி விழுந்தா நாந்தான் எழுப்பி விடுறேன். சீக்கிரமே தூங்குற புள்ள.” பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“சரிய்யா, வச்சிர்றேன். புள்ள வந்துருச்சு, கதவத் தெறக்கணும்.”